கல்யாண மேடையில் கடை முதலைக் கட்டலாமா?

கல்யாணப் பேச்சு முடிந்தவுடன் நமது வீடுகளில் நகை, மண்டபம், சாப்பாடு ஆகிய மூன்றுக்கும் கணக்குப் போடப்படுகின்றது. எத்தனை பவுண், எத்தனை சஹன், எந்த மண்டபம் என்பதெல்லாம் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே முடிவாகி விடுகின்றன. மேடை அலங்காரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் கடைசி மூன்று வாரத்தில்தான் வருகின்றது. அப்போது நாலு இடத்தில் விலை கேட்க நேரமில்லை. பேரம் பேசவும் நேரமில்லை. பெண்பிள்ளையின் போனில் ஒரு படம் இருக்கும். அதைப் போலவே வேண்டும் என்பார்கள். அலங்காரக்காரர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவதைத் தவிர வாப்பாவுக்கு வேறு வழி இருக்காது.

நான் புடவை வியாபாரி. சில வருடங்களாக மேடைத் துணி, இரும்புச் சட்டம், விளக்கு, மேசை விரிப்பு போன்றவற்றை வாடகைக்கும் கொடுத்து வருகின்றேன். அதனால் இந்தச் செலவின் இரண்டு பக்கத்தையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கின்றது. வீண்விரயம் பற்றி நாம் ஜும்ஆக்களில் நிறையவே கேட்கின்றோம். அதைச் சொல்ல ஆலிம்கள் இருக்கின்றார்கள். ஒரு வியாபாரி என்ற முறையில் கணக்குப் பார்ப்பது மட்டுமே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு சிறிய கணக்கு. ஒருவர் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் முதலில் இருந்து 3 இலட்சம் ரூபாவை எடுத்து மேடைக்குக் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவரது சரக்கு வருடத்தில் நான்கு தடவை சுழல்கின்றது. ஒரு சுழற்சிக்கு 15 வீதம் மொத்த இலாபம். அப்படியானால் அந்த 3 இலட்சம் ஒரு சுழற்சியில் 45 ஆயிரமும், ஒரு வருடத்தில் 1 இலட்சத்து 80 ஆயிரமும் உழைத்திருக்கும். எனவே நான்கைந்து மணித்தியாலம் நின்ற அந்த மேடையின் உண்மையான விலை 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா ஆகும். குறைந்த சரக்கைக் கடனுக்கு எடுத்து நிரப்பினால், ரொக்கத்துக்குக் கிடைக்கும் கழிவும் போய்விடும். சேமிப்பில் இருந்து கொடுப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குக் கடை முதலும் சேமிப்பும் தனித்தனியாக இருக்கின்றன?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோன்புக்கு முன்னர் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பல குடும்பங்கள் விரும்புகின்றன. அதே வாரங்களில்தான் புடவை, ஆயத்த ஆடை, பாதணி வியாபாரிகள் பெருநாள் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டும். வருடத்தின் பெரிய வியாபாரமும் வீட்டின் பெரிய செலவும் ஒரே பணப்பெட்டியை நோக்கி வருகின்றன.

என் தங்கச்சியின் மகளுடைய கல்யாணம் 2025 ஜனவரி கடைசியில் நடந்தது. அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் நோன்பு தொடங்கியது. மச்சானுக்கு ஆயத்த ஆடைக் கடை. விருந்தினர் 250 பேர். முதலில் கேட்ட அலங்காரக்காரர் கொடுத்த விலை 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. மச்சான் பெருநாள் சரக்குக்கு வைத்திருந்த பணத்தில் இருந்து முற்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். கடைசியில் 1 இலட்சத்து 86 ஆயிரத்தில் அந்த வேலையை முடித்தோம். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொன்னால் வாசகர்களுக்குப் பயன்படும் என நினைக்கின்றேன்.

முதலில் தொகை, பிறகு படம்

அலங்காரத்துக்கு எவ்வளவு என்பதை, எந்தக் கடைக்கும் போகுமுன் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மச்சான் 2 இலட்சம் என்று எழுதிக்கொண்டார். அதை 100 பங்காகப் பிரித்தோம். மேடைக்கு 40, விளக்குக்கு 15, வாசலுக்கு 10, மேசைகளுக்கு 10, லொறிக்கும் கூலிக்கும் 15, கைகாவலுக்கு 10. பணம் போதாமல் போவதற்கு முக்கியமான காரணம் லொறியும் கூலியும்தான். பலர் அதைக் கணக்கில் எழுதுவதேயில்லை. சாமான் வந்து இறங்கிய பிறகுதான் அது ஞாபகத்துக்கு வரும்.

என் கடைச் சாமான்களுக்கும் வெளியாருக்கு எழுதும் வாடகையையே எழுதினேன். உறவுக்காரர் சும்மா கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அந்தக் கணக்கைப் பார்த்து இன்னொருவர் திட்டமிட முடியாது.

தங்கச்சிக்கு இந்தத் தொகையில் மனம் ஒப்பவில்லை. "ஆக்கள் வந்து பார்த்துட்டு என்ன சொல்லுவாங்க நாநா? எங்களுக்கு ஒரே மகள்" என்றாள். அவளது பேச்சிலும் நியாயம் இருந்தது. பிள்ளையின் கல்யாணத்தில் உம்மாவின் மனம் குறைபடக்கூடாது. ஆகவே தொகையைப் பற்றி மேலும் வாதாடாமல், மருமகளிடம் போனில் உள்ள படத்தைக் கேட்டேன். "இதில் உனக்குப் பிடித்தது எது என்று விரலை வைத்துக் காட்டு மகள்" என்றேன். அவள் கதிரைக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் துணியையும், அதில் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தையும், கதிரையின் இரண்டு பக்கத்திலும் இருந்த பூக்களையும் காட்டினாள். கூரை முழுவதும் கட்டியிருந்த துணியையும், நடைபாதையின் இருமருங்கிலும் நின்ற பூத்தூண்களையும் அவள் தொடவேயில்லை.

விலைப் பட்டியலில் அதிகப் பணம் போனது அந்தக் கூரைக்கும் தூண்களுக்கும்தான். கூரை வேலைக்குத் துணி அதிகம் தேவை. உயரத்தில் நின்று கட்ட ஏணியும் கூடுதல் ஆட்களும் தேவை. நேரமும் அதிகம் போகும். இரண்டையும் நீக்கியவுடன் விலை பாதிக்கு மேல் இறங்கியது. ஒரு படத்தை அப்படியே விலை கேட்காமல், அதில் எது வேண்டும் என்று பிரித்துக் கேட்பதுதான் சிக்கனத்தின் முதல் படி.

மண்டபத்திடம் கேட்க வேண்டியவை

மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் சில விடயங்களைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கதிரை உறை, மேசை விரிப்பு, மேடை, கம்பளம் ஆகியவை வாடகையில் அடங்குமா? வெளி அலங்காரக்காரரை விடுவார்களா, விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பார்கள், எத்தனை மணிக்குள் சாமானை அகற்ற வேண்டும்? மின்சாரம் தடைப்பட்டால் ஜெனரேட்டர் மேடை விளக்குகளுக்கும் வேலை செய்யுமா, அல்லது மண்டப விளக்குகளுக்கு மட்டுமா? சுவரில் ஆணி, பசைநாடா பயன்படுத்தலாமா?

வரியையும் மறக்க வேண்டாம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் 18 வீதம் ஆகும். வரிக்குப் பதிவு செய்த மண்டபமோ ஹோட்டலோ சொல்லும் தொகை வற் உட்பட்டதா, சேவைக் கட்டணம் உட்பட்டதா என்று கேளுங்கள். 2 இலட்சம் ரூபாவுக்கு 18 வீதம் என்றால் 36 ஆயிரம். நமது கணக்கில் முழு மேசை அலங்காரத்தையும் விட அது அதிகமாகும்.

கண் எங்கே விழுகின்றது?

விருந்தினரின் கண் மூன்று இடத்தில்தான் நிற்கின்றது. உள்ளே வரும் வாசலில் ஒரு தடவை. மேடையில் பல தடவை. தன் முன்னால் உள்ள மேசையில் சாப்பாடு வரும் வரை. மற்ற இடங்களைப் பார்த்ததாகவும் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. படமெடுப்பவரின் கெமராவும் மேடையைத்தான் அதிகம் பார்க்கின்றது. அதிலும் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் உள்ள 12 அடி அகலமும் 8 அடி உயரமும்தான் பெரும்பாலான படங்களில் விழும். பணம் அந்த இடத்தில் போனால் போதும்.

நமது கல்யாணங்களில் ஆண்கள், பெண்கள் பகுதி தனித்தனியாக இருப்பது இந்தச் செலவைக் குறைக்க நல்ல வசதி. நிக்காஹ் நடக்கும் ஆண்கள் பகுதிக்கு ஒரு சுத்தமான வெள்ளை விரிப்பும், நல்ல கதிரைகளும், வெளிச்சமும் போதும். செட்டிபேக் என்று நாம் சொல்லும் மேடைப் பின்னணியைப் பெண்கள் பகுதியில் மட்டும் வைத்தோம். இரண்டு பகுதிக்கும் ஒரே மாதிரி என்று அலங்காரக்காரர் விலை எழுதியிருந்தால் அதை உடனே கவனியுங்கள்.

சஹன் சாப்பாடு வைப்பவர்கள் ஒரு விடயத்தை யோசிக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு சஹன் நடுவில் வரும்போது, மேசை நடுவில் பூச்சாடிக்கு இடமில்லை. பரிமாறுபவர் முதல் வேலையாக அதைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார். முப்பது நாற்பது சாடிகளின் வாடகை அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். நாங்கள் மேசைகளுக்கு நல்ல விரிப்பை மட்டும் போட்டோம்.

விரிப்பின் அளவையும் தெரிந்துகொள்வது நல்லது. 10 பேர் இருக்கும் வட்ட மேசை பொதுவாக 6 அடி, அதாவது 72 அங்குல விட்டம். மேசை உயரம் 30 அங்குலம். தரை வரை தொங்க வேண்டுமென்றால் 132 அங்குல விரிப்பு வேண்டும். 8 பேருக்கான 5 அடி மேசைக்கு 120 அங்குலம் போதும். அளவு தெரியாமல் எடுத்தால் மேசைக்கால் தெரியும். பிறகு அதை மறைக்க இன்னொரு துணி எடுக்க வேண்டி வரும்.

துணிக் கணக்கு

கடைக்கு வருபவர்களில் பலர் "மேடைக்கு எத்தனை யார் வேணும் நாநா?" என்று கேட்கின்றார்கள். கணக்கு மிகவும் இலகுவானது. மேடைப் பின்னணி 20 அடி அகலம், 10 அடி உயரம் என்று கொள்வோம். துணியைச் சுருக்கம் வைத்துத் தொங்கவிட வேண்டும். இரட்டைச் சுருக்கம் என்றால் 40 அடி அகலத் துணி வேண்டும். துணியின் அகலம் 60 அங்குலம், அதாவது 5 அடி என்றால் 8 துண்டுகள். மேலும் கீழும் மடித்துத் தைக்க ஓர் அடி சேர்த்தால் ஒரு துண்டு 11 அடி. மொத்தம் 88 அடி. ஏறத்தாழ 30 யார் அல்லது 27 மீற்றர். ஒன்றரை மடங்குச் சுருக்கம் போதும் என்றால் 6 துண்டுகள், 66 அடி, அதாவது 22 யார். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சுருக்கமே இல்லாமல் கட்டினால்தான் கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டது போல இருக்கும்.

பளபளப்பான சாட்டினை விடப் பளபளப்பில்லாத துணி மேடைக்கு நல்லது. சாட்டினில் மடிப்புத் தழும்பும் விளக்கின் வெளிச்சமும் படத்தில் பளிச்சென்று தெரியும். வெள்ளை, சந்தனம் போன்ற நிறங்களில் எடுத்தால் பிறகு வீட்டுக்குத் திரைச்சீலையாகத் தைக்கலாம், அல்லது இன்னொரு கல்யாணத்துக்குக் கொடுக்கலாம். கல்யாணப் பெண்ணின் உடுப்புக்குப் பொருத்தமாக என்று ஒரு விசேட நிறத்தில் 30 யார் எடுத்தால், மறுநாள் அதற்கு ஒரு பயனும் இல்லை. அந்த நிறத்தை ஒரு பட்டியிலோ பூவிலோ கொண்டுவரலாம்.

கொழும்புக்கு வந்து சாமான் எடுப்பவர்கள் ஒரே நாளில் புறக்கோட்டையில் வேலையை முடிக்கலாம். துணிக்கு இரண்டாம் குறுக்குத் தெரு, செயற்கைப் பூவுக்கும் அலங்காரச் சாமான்களுக்கும் கெய்சர் வீதி, மின்குமிழுக்கும் வயருக்கும் முதலாம் குறுக்குத் தெரு, குழாய்க்கும் இரும்புச் சாமானுக்கும் பழைய சோனகத் தெரு. அளவு எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். தாள் இல்லாமல் போனால் கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவோம். கடைக்காரனாகிய நானே இதைச் சொல்கின்றேன்.

வெளிச்சமே பாதி அலங்காரம்

குறைந்த செலவில் அதிக மாற்றத்தைத் தருவது விளக்குதான். சாதாரண வெள்ளைத் துணியின் அடியில் இருந்து மேல்நோக்கி மஞ்சள் கலந்த வெளிச்சம் விழுந்தால், அந்த 30 யார் துணி விலையுயர்ந்த பின்னணியாகத் தெரியும். மின்குமிழ்ப் பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் அது மஞ்சள் சார்ந்த வெளிச்சம். 6500 என்றால் நீலம் சார்ந்த வெள்ளை. இரண்டையும் கலந்தால் முகங்கள் படத்தில் நன்றாக இராது. மேடைக்கு நேர் மேலே உள்ள மண்டபத்து ரியூப் விளக்குகளை அணைத்துவிடச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பழைய ஹெலஜன் விளக்கு ஒன்று 500 வாட் எடுக்கும். சூடும் அதிகம். துணிக்கு அருகில் வைப்பது ஆபத்து. 50 வாட் எல்.ஈ.டி. விளக்குகள் 10 வைத்தாலும் மொத்தம் 500 வாட்தான். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்பவர்களுக்கு இது முக்கியம். வீட்டு வயரில் அதிக சுமை ஏற்றக்கூடாது. வேலை தெரிந்த மின்சாரக்காரர் ஒருவரின் கூலியை மட்டும் குறைக்க நினைக்காதீர்கள். ஓடித்திரியும் சிறுபிள்ளைகள் உள்ள இடத்தில் வயர்கள் நடைபாதையின் குறுக்கே போகக்கூடாது. போக வேண்டியிருந்தால் தரையோடு ஒட்டி மூட வேண்டும்.

பூவும் ஓலையும்

நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் இருந்து ரோஜா, காணேஷன், ஜேர்பெரா போன்றவை வருகின்றன. தாழ்நிலத்தில் அந்தூரியமும் ஓர்கிட்டும் வளர்க்கப்படுகின்றன. நமது சூட்டுக்கு ரோஜா விரைவில் வாடும். காணேஷன், கிரிசாந்தம், ஓர்கிட், அந்தூரியம் ஆகியவை கூடிய நேரம் தாக்குப்பிடிக்கும். பெப்ரவரி 14ஆம் திகதியை ஒட்டி ரோஜா விலை ஏறும். நோன்பு ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாட்கள் முன்னால் வருவதால், நோன்புக்கு முந்திய கல்யாணங்கள் இப்போது ஜனவரி, பெப்ரவரியில் விழுகின்றன. அந்த நாட்களில் திகதி வைப்பவர்கள் ரோஜாவைத் தவிர்த்துத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

எல்லாப் பூவும் நிஜப் பூவாக இருக்க வேண்டியதில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் துணிப்பூ, கண்ணுக்கு அருகில் நிஜப்பூ என்பது நான் பின்பற்றும் முறை. கதிரையின் இரண்டு பக்கமும், நிக்காஹ் மேசையிலும் நிஜப்பூ வைத்தோம். மேலே உள்ளவை வாடகைத் துணிப்பூக்கள். இடைவெளிகளை நிரப்பக் கமுகோலை, பன்னம், குருத்தோலை ஆகியவை போதும். இவை ஊரிலேயே கிடைக்கும். மருமகளின் வாப்பும்மா வீட்டுத் தோட்டத்தில் இருந்தே ஒரு முச்சக்கர வண்டி நிறையக் கமுகோலை வந்தது. பூக்களை முந்திய நாளே வாங்கி, தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் நிழலில் வைத்தால் மறுநாள் மாலை வரை நிற்கும்.

இங்கே சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல், சமூக, சமய, அரசியல், கலாசார நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் பிளாஸ்டிக் மாலைகளுக்கும் தடை வந்தது. வீதியோரத்தில் பொலித்தீன் கொடித் தோரணம் கட்டும் பழக்கம் இன்னும் நம்மில் சிலரிடம் இருக்கின்றது. காசு கொடுத்துக் குற்றத்தை வாங்க வேண்டாம். குருத்தோலைத் தோரணத்துக்கு அந்தப் பயம் இல்லை. அழகும் அதில்தான் இருக்கின்றது.

கட்டும் நாள்

மண்டபத்தில் முந்திய இரவு வேறொரு கல்யாணம் இருந்ததால், எங்களுக்குக் காலை 5.30க்குத்தான் கதவு திறக்கும் என்றார்கள். விருந்தினர் வருவது 11 மணிக்கு. ஐந்தரை மணித்தியாலம். அந்த நேரத்தில் அளவெடுத்து, வெட்டி, தைத்துக் கட்ட முடியாது. ஆகவே மூன்று நாட்களுக்கு முன்னரே மேடைச் சட்டத்தைக் களஞ்சியத்தில் முழுமையாகப் பூட்டிப் பார்த்தோம். துணி தொங்கவிட்டு, விளக்குப் போட்டு, படமும் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினோம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவளது மனம் ஆறியது. பிறகு கழற்றி ஒவ்வொரு குழாய்க்கும் இலக்கம் ஒட்டினோம்.

கல்யாண நாள் சுபஹ் தொழுதுவிட்டு லொறி புறப்பட்டது. ஆட்கள் நான்கு பேர். 6 மணிக்குச் சட்டம், 7 மணிக்குத் துணி, 8 மணிக்கு விளக்கு, 9 மணிக்குப் பூ, 10 மணிக்குக் கம்பளமும் கதிரையும். 10.30க்குக் கூட்டித் துடைத்து முடிந்தது. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. பூவை முதலில் வைத்தால் ஏணி அதில் இடிக்கும். கம்பளத்தை முதலில் விரித்தால் சப்பாத்துத் தூசு படியும். சட்டத்தின் அடியில் மணல் மூட்டை வைக்க வேண்டும். மின்விசிறிக் காற்றிலும் பிள்ளைகள் துணியைப் பிடித்து இழுக்கும்போதும் சட்டம் அசையும்.

ஏற்றுபவர் யார் என்று எல்லோரும் கேட்கின்றார்கள். இறக்கிக் கொண்டுபோபவர் யார் என்று கேட்பவர் குறைவு. கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பிய பிறகு வீட்டார் களைத்துப்போய் இருப்பார்கள். மண்டபக்காரர் மேலதிக மணிக்குக் காசு கேட்பார். மேசை விரிப்பில் இரண்டு காணாமல் போனால் வைப்புப் பணத்தில் கழிப்பார்கள். ஆகவே எண்ணிக் கொடுத்த பட்டியலின் பிரதி ஒன்றுடன், கழற்றும் நேரத்துக்கென்று வீட்டு இளைஞர் ஒருவரை முன்னரே நியமியுங்கள்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

வாடகைத் தொழிலில் இறங்கலாமா என்று சில சகோதரர்கள் என்னிடம் கேட்டிருக்கின்றார்கள். உதாரணத்துக்கு ஒரு சாமான் 30 ஆயிரம் ரூபா. வாடகை 3 ஆயிரம். பத்துத் தடவை போனால் போட்ட காசு வந்துவிடும் என்று நினைப்போம். கழுவவும், திருத்தவும், ஏற்றி இறக்கவும் ஒரு தடவைக்கு ஆயிரம் போனால் மிஞ்சுவது 2 ஆயிரம்தான். 15 தடவை போக வேண்டும். அதற்குள் அந்த மாதிரி பழசாகிவிட்டால் நட்டம். எனவே புது மாதிரிகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். வெள்ளைத் துணி, இரும்புச் சட்டம், விளக்கு ஆகிய மூன்றும் மாதிரி மாறினாலும் ஓடும்.

முஸ்லிம் கல்யாணங்களை மட்டும் நம்பினால் நோன்பு மாதத்தில் சாமான் முடங்கும். தமிழ்ச் சகோதரர்கள் மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். சிங்களச் சகோதரர்கள் சுபநேரம் பார்த்துத் திகதி வைப்பார்கள். மூன்று சமூகத்தின் நாட்காட்டியையும் தெரிந்துகொண்டவருக்கே சாமான் வருடம் முழுவதும் ஓடும். விலையை எழுத்தில் கொடுப்பது, சொன்ன நேரத்துக்குப் போவது, வைப்புப் பணத்தை மறுநாளே திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் இருந்தால் விளம்பரம் தேவைப்படாது.

எழுதிக்கொள்ள ஒரு தாள்

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஒரு தாளில் ஏழு விடயங்களை எழுதி மண்டப முற்பணத்துக்கு முன்னரே முடிவு செய்யுங்கள். மொத்தத் தொகை, அது கடை முதலில் இருந்தா, சேமிப்பில் இருந்தா, பெண்ணுக்குப் படத்தில் பிடித்த மூன்று விடயங்கள், மேடையின் நீளம், உயரம், மண்டபம் தரும் சாமான்கள், கதவு திறக்கும், மூடும் நேரம், கழற்றும் பொறுப்பாளர். குறைந்தது மூன்று பேரிடம் இந்த ஒரே தாளைக் காட்டி விலை கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் வேறு வேறு மாதிரி கேட்டால் விலையை ஒப்பிட முடியாது.

மருமகளின் கல்யாணத்தில் முதல் விலைக்கும் செலவுக்கும் இடையில் ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா மிஞ்சியது. மச்சான் அதைப் பெருநாள் சரக்குக்கு ரொக்கமாகக் கட்டினார். 15 வீத இலாபம் என்றாலும் அந்த ஒரு பருவத்தில் 43 ஆயிரத்துக்கு மேல். கல்யாணத்துக்கு வந்த ஒருவரும் கூரையில் துணி இல்லையே என்று கேட்கவில்லை. பெண்கள் பகுதியில் மேடையோடு நின்று படமெடுக்க வரிசையில் நின்றார்கள் என்று தங்கச்சிதான் எனக்குச் சொன்னாள்.